கப்பலா, கட்டுமரமா, சுரங்கமா?

2023 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள சவுத் யுயிஸ்ட் தீவில், லாக்பாய்ஸ்டேல் துறைக்கு ஊரே திரண்டு வந்து நின்றது. சுமார் 500 பேர், 200 கார்கள், கூடவே லாரிகளும் வேன்களும். யாரும் பயணம் போக வரவில்லை. போவதற்குக் கப்பல் இல்லை என்பதைக் காட்டத்தான் வந்திருந்தார்கள். வேறு தடத்தில் பழுதான கப்பலுக்குப் பதிலாக இவர்கள் கப்பலை இழுத்துக்கொண்டதில், அந்த ஜூனில் ஏறக்குறைய மாதம் முழுக்கச் சேவை ரத்து. சுற்றுலாப் பருவம் சூடு பிடிக்கிற மாதம் அது.

இந்தப் பிரச்சினை எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் பேசப்படும்போது ஆளுங்கட்சி, எதிர்க்கட்சிச் சண்டையாகவே முடிந்துவிடுகிறது. யார் கையெழுத்துப் போட்டது, எந்தக் கோப்பு காணாமல் போனது, யார் பதவி விலக வேண்டும் என்று அது ஒரு தனி ஆட்டம். தீவுக்காரர்களுக்கு உண்மையில் முன்னால் இருப்பது மூன்று வழிகள். உள்நாட்டில் கட்டும் பெரிய கப்பல், வெளிநாட்டில் மலிவாகக் கட்டும் இரட்டையுடல் படகு, கடலுக்கு அடியில் சுரங்கம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் பிரச்சினையைத் தீர்க்கக் கிளம்பியது என்பது தெரியும்.

முதலில் பெரிய கப்பல். இதில் நின்று பேச நிறைய இருக்கிறது.

மேற்குத் தீவுகளுக்குக் கப்பல் ஓட்டுவது கால்மேக் என்ற அரசு நிறுவனம். கப்பல்களின் சொந்தக்காரர் அது அல்ல. சிஎம்ஏஎல் என்ற இன்னொரு அரசு நிறுவனம். ஓட்டுபவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், பணம் கொடுக்கும் அமைச்சகம் மூன்றாவது. வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்க மூன்று பங்காளிகள் கடைக்குப் போன கதைதான். 2014இல் போர்ட் கிளாஸ்கோவில் இருந்த ஃபெர்குசன் கப்பல் தளம் திவாலானது. கிளைடு ஆற்றின் கீழ்ப்பகுதியில் வணிகக் கப்பல் கட்டுவதற்கு மிஞ்சியிருந்த கடைசித் தளம் அது. தொழிலதிபர் ஜிம் மெக்கால் அதை வாங்கினார். மறு ஆண்டே இரண்டு கப்பல்கள் கட்டும் ஒப்பந்தம், 9.7 கோடி பவுண்டுக்கு, அந்தத் தளத்துக்குப் போனது. க்ளென் சானாக்ஸ், க்ளென் ரோசா என்பவை அவை. 2018இல் இரண்டும் கடலில் ஓட வேண்டும் என்பது கணக்கு.

கப்பல் கட்டும் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தளம் கைவிரித்துவிட்டால், வாங்குபவர் கொடுத்த பணம் திரும்பி வரும் என்று ஒரு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். இங்கே அந்த முழு உத்தரவாதம் கிடைக்கவில்லை. வாங்கும் நிறுவனமே கவலை தெரிவித்தது. அப்படியும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022 மார்ச்சில் தணிக்கைத் துறை இதைத் தோண்டியபோது, அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பதற்கான ஆவணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியது. சில வாரங்களில் ஒரு மின்னஞ்சல் கிடைத்தது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டெரிக் மக்காய் சம்மதித்திருந்தார்.

2017 நவம்பரில் நடந்த வெள்ளோட்டம் இந்தக் கதையின் உச்சக் காட்சி. முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் வந்தார், கொடிகள், கைதட்டல், க்ளென் சானாக்ஸ் ஆற்றில் வழுக்கி இறங்கியது. முகப்பில் இருந்த சன்னல்களில் கண்ணாடி இல்லை. இரும்பின் மேல் கறுப்புப் பெயிண்டால் சன்னல் வரைந்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் அட்டைக் கோபுரம் வைப்போமே, அந்த ரகம். அதன்பின் 2019இல் தளம் மறுபடி திவாலாகி அரசுடைமையானது. நூற்றுக்கணக்கான கேபிள்கள் நீளம் போதாமல் போடப்பட்டிருந்தது பிறகு தெரிந்தது. க்ளென் சானாக்ஸ் முதல் பயணிகளை ஏற்றிய நாள் 2025 ஜனவரி 13. க்ளென் ரோசாவின் தேதி அதற்குப் பிறகும் தள்ளிக்கொண்டே போனது. மொத்தச் செலவு முதல் விலையைப் போல நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது.

சரி, வந்து சேர்ந்த கப்பல் எப்படி? கெட்ட கப்பல் என்று சொல்ல மாட்டேன். 102 மீட்டர் நீளம், 852 பயணிகள், 127 கார்கள். கோடையில், இந்தக் கப்பல் போகும் ஆரன் தீவுக்குக் கூட்டம் அலைமோதும்போது இந்த அளவு தேவைதான். ஆனால் திரவ எரிவாயுவில் ஓடும் என்று பெருமையாகச் சொன்னார்களே, அந்த எரிவாயு இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட்டிலிருந்து டேங்கர் லாரியில் வருகிறது. கப்பல் பெரியது என்பதால், அது இடம்பிடிக்க வந்த 1993ஆம் வருஷத்து டீசல் கப்பலைவிட அதிகக் கரிமம் வெளியிடும் என்று அரசுத் தரப்பு மதிப்பீடே சொன்னது. இன்னொன்று: ஆரன் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிய ஆர்ட்ராசன் துறைமுகத்தில் இந்தக் கப்பலை நிறுத்த முடியாது. அதனால் பயணம் ட்ரூன் என்ற வேறு துறைமுகத்திலிருந்து. முன்பு 55 நிமிடம், இப்போது ஒன்றேகால் மணி நேரம். ஆர்ட்ராசனைக் கப்பலுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்ட வேண்டும் என்கிறார்கள். செருப்புக்காகக் காலை வெட்டுவது என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

இந்த ஒப்பந்தத்தின் நியாயம் போர்ட் கிளாஸ்கோவில் இருக்கிறது, ஆரனில் இல்லை. சுமார் 300 பேரின் வேலை, ஒரு நதிக்கரையின் தன்மானம். அது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கப்பல் தளத்தைக் காப்பாற்றும் செலவை அந்தப் பெயரிலேயே எழுதியிருந்தால் கணக்காவது நேராக இருந்திருக்கும். தீவுக்காரர்களின் கப்பல் கணக்கில் எழுதினார்கள். தாமதத்தின் வட்டியை லாக்பாய்ஸ்டேல் கட்டியது.

அடுத்து இரட்டையுடல் படகு. ஆங்கிலேயர் இதற்கு வைத்திருக்கும் பெயர் நம்முடையது. 'கேட்டமரான்' என்பது சோழமண்டலக் கரையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் எடுத்துப் போன 'கட்டுமரம்'. வேடிக்கை என்னவென்றால், நம் மீனவர்களின் கட்டுமரம் மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அதில் இரண்டு தனி உடல்கள் கிடையாது. பெயர் இங்கிருந்து போயிற்று, வடிவம் பசிபிக் தீவுகளிலிருந்து போயிற்று.

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கும் ஓர்க்னித் தீவுகளுக்கும் இடையில் பென்ட்லண்ட் ஃபெரீஸ் என்ற தனியார் குடும்ப நிறுவனம் 2001 முதல் படகு ஓட்டுகிறது. பென்ட்லண்ட் நீரிணை சாதுவான கடல் அல்ல. ஐரோப்பாவின் மிக வேகமான கடல் நீரோட்டங்களில் ஒன்று அங்கேதான் ஓடுகிறது. அந்த நிறுவனம் முதலில் பிலிப்பைன்ஸில் பென்டலினா என்ற இரட்டையுடல் படகைக் கட்டியது. பிறகு வியட்நாமில் ஆல்ஃப்ரெட். 85 மீட்டர், 430 பயணிகள், 98 கார்கள், விலை 1.4 கோடி பவுண்டு. 2019 நவம்பரில் சேவைக்கு வந்துவிட்டது.

இரண்டு கப்பலுக்கு அரசு முதலில் ஒப்புக்கொண்ட 9.7 கோடியில் ஆறு ஆல்ஃப்ரெட் வாங்கிக் கையில் 1.3 கோடி மிச்சமும் வைத்திருக்கலாம். இந்தக் கணக்கை ஸ்காட்லாந்தில் டீக்கடை வரைக்கும் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் அநியாயமான கணக்குதான்: ஆசியக் கூலி, சொந்தக்காரரே பக்கத்தில் நின்று பார்த்த வேலை, குறுகிய கடலுக்கான வடிவம். இருந்தாலும் பதில் சொல்ல முடியாத ஒன்று நடந்தது. கப்பல் தட்டுப்பாடு முற்றியபோது, 2023இல் கால்மேக் இதே ஆல்ஃப்ரெட்டை வாடகைக்கு எடுத்தது. ஒன்பது மாதத்துக்கு 90 லட்சம் பவுண்டு. ஒப்பந்தம் நீண்டுகொண்டே போய், கட்டிய மொத்த வாடகை படகின் விலையையே தாண்டியது. ஓடியது எங்கே? ஆரனுக்கு. க்ளென் சானாக்ஸ் ஓட வேண்டிய அதே தடத்தில்.

விலை வித்தியாசத்தில் பாதி ரகசியம் மாலுமிகள் தூங்கும் இடத்தில் இருக்கிறது. கால்மேக்கின் பெரிய கப்பல்களில் மாலுமிகள் கப்பலிலேயே தங்குவார்கள். அறைகள், சமையல், கழிவறை எல்லாம் கூடவே மிதக்க வேண்டும். பென்ட்லண்ட் ஃபெரீஸில் வேலை முடிந்தால் கரைக்குப் போய் வீட்டில் தூங்குவார்கள். ஒரு மணி நேரக் கடலுக்கு இது போதும். ஆரனுக்கும் மல் தீவுக்கும் போதும் என்பது என் கட்சி. பெரிய கப்பல் ஒன்று நின்றால் தீவே நின்றுவிடும். நடுத்தரப் படகு இரண்டு இருந்தால் ஒன்று பழுதாகும் அன்றும் கடை திறக்கும். கால்மேக் தொழிற்சங்கங்கள் இதை ஏற்காது. கப்பலில் தங்கும் முறை மாறினால் தங்கள் வேலை நிபந்தனைகள் என்ன ஆகும் என்பது அவர்கள் பயம். அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஆனால் இதையே எல்லாத் தடத்துக்கும் நீட்டுபவர்களோடு நான் இல்லை. ஓபனிலிருந்து பாரா தீவுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அட்லாண்டிக் அலை. அங்கே பெரிய கப்பல்தான். கப்பல் வேண்டும் என்பதற்காகப் போர்ட் கிளாஸ்கோவில்தான் கட்ட வேண்டும் என்றில்லை. ஐலா தீவுக்கும் மேற்கின் மற்றத் தடங்களுக்கும் நான்கு கப்பல்களை அரசே பின்னர் துருக்கியின் செம்ரே தளத்தில் ஆர்டர் செய்தது. ஆல்ஃப்ரெட்டும் குறையில்லாதது அல்ல. 2022 ஜூலையில் கரைக்கு மிக அருகே ஓட்டியதில் ஸ்வோனா என்ற சிறு தீவின் பாறையில் மோதி, பயணிகள் பலர் காயமடைந்தனர்.

மூன்றாவது வழியைப் பேசுகிறவர்கள் மேற்கே அல்ல, வடக்கே ஷெட்லாண்டில் இருக்கிறார்கள். அவர்கள் கண் எடின்பரோவைப் பார்ப்பதில்லை, ஃபாரோ தீவுகளைப் பார்க்கிறது. சுமார் 54,000 பேர் வாழும் அந்தத் தீவுக்கூட்டம் 2002இலிருந்து நான்கு கடலடிச் சுரங்கங்கள் தோண்டிவிட்டது. 2020இல் திறந்த எய்ஸ்டுரோய் சுரங்கம் 11.2 கிலோமீட்டர். நடுக்கடலுக்கு அடியில் ஒரு ரவுண்டானாவும் உண்டு. டோர்ஸ்ஹவன் நகரிலிருந்து ருனாவிக்குக்கு 64 நிமிடப் பயணம் 16 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. 2023 டிசம்பரில் சாண்டோய் தீவுக்கும் 10.8 கிலோமீட்டர் சுரங்கம் வந்தது. சாண்டோயில் இருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்கள் கட்டும் சுங்கத்தால் அந்தக் கடன் அடையாது. எய்ஸ்டுரோய் சுரங்கத்தின் வசூல் அதற்கும் தோள் கொடுக்கிறது.

ஷெட்லாண்டின் யெல், அன்ஸ்ட், வால்சே போன்ற தீவுகளிலும் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஆயிரம் பேரோ அதற்குக் குறைவாகவோதான். அன்ஸ்டிலிருந்து ஷெட்லாண்டின் முக்கிய நகரான லெர்விக்கில் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் பெல்மாண்ட் துறையில் முதல் படகு, யெல் தீவைக் காரில் குறுக்கே கடந்து உல்ஸ்டாவில் இரண்டாவது படகு, அப்புறம் மறுபடி சாலை. காற்று முறுக்கிக்கொண்டால் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் அறுந்துபோகும். இதே அன்ஸ்டில்தான் 2023 டிசம்பரில் ராக்கெட் ஏவுதளத்துக்கு உரிமம் கொடுத்தார்கள்!

'ஆயிரம் பேருக்குச் சுரங்கமா?' என்று கேட்பது சுலபம். அந்த ஆயிரம் பேருக்குப் படகு ஓட்ட ஆண்டுதோறும் ஆகும் மாலுமிச் சம்பளம், டீசல், பழுது, முப்பது வருஷத்துக்கு ஒருமுறை புதுப் படகு ஆகியவற்றை எதிர்ப்பக்கத்தில் எழுதினால் அந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக நிற்காது. படகு வாடகை வீடு மாதிரி; எத்தனை வருஷம் கட்டினாலும் வீடு நம்முடையது ஆகாது.

சுரங்கத்துக்கு எதிரான உண்மையான சிக்கல் வேறு. ஃபாரோக்காரர்கள் சுங்கம் கட்டிக் கடனை அடைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் சுங்கம் என்ற சொல்லே அரசியல் விஷம். 1995இல் ஸ்கை தீவுக்குப் பாலம் வந்தபோது தனியாருக்குச் சுங்க உரிமை கொடுத்தார்கள். மக்கள் கட்ட மறுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்புப் பெற்றார்கள். கடைசியில் 2004 டிசம்பரில் அரசு சுமார் 2.7 கோடி பவுண்டு கொடுத்துப் பாலத்தை வாங்கிச் சுங்கத்தை ஒழித்தது. 2008இல் ஃபோர்த், டே பாலங்களின் சுங்கமும் போனது. அதன்பின் ஸ்காட்லாந்தில் எந்தப் பாலத்திலும் சுங்கம் கிடையாது. அப்படியிருக்க, யெல் தீவுக்காரனிடம் மட்டும் எப்படிக் கேட்பது? அவன் இப்போது படகுக்குக் கொடுக்கும் காசுக்குச் சுங்கம் என்று பெயர் இல்லை, அவ்வளவுதான். ஷெட்லாண்டில் கேட்டால் கொடுப்பார்கள் என்றே தோன்றுகிறது, தயங்குவது எடின்பரோதான்.

2022 டிசம்பரில் அரசு வெளியிட்ட நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம் பாலம், சுரங்கம் போன்ற நிலையான இணைப்புகளை ஆராயச் சொன்னது மூன்று இடங்களில்: சவுண்ட் ஆஃப் ஹாரிஸ், சவுண்ட் ஆஃப் பாரா என்ற இரண்டு நீரிணைகள், மல் தீவு. மூன்றும் மேற்கில். ஷெட்லாண்ட் உள்தீவுப் படகுகள் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு என்பதால், ஆய்வுக்கான பணத்தையும் அந்த மன்றமே எடுத்து வைத்திருக்கிறது.

அதற்குள் படகுகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பல முப்பதைத் தாண்டியவை. ஏதாவது ஒன்று நின்றுபோனால் மன்றம் அவசரமாகப் புதுப் படகுக்கு ஆர்டர் போட வேண்டியிருக்கும். வாங்கிய புதுப் படகை வைத்துக்கொண்டு யாரும் சுரங்கத்துக்குப் பணம் கேட்க முடியாது. யெல்லில் அந்தப் பேச்சு மறுபடி எழ இன்னொரு முப்பது வருஷம் ஆகும்.