அம்மாவும் புரட்டிப் பார்த்த புத்தகம்: கெங்கோரோ தகாமேயின் 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்'

சேலத்தில் நான் விசாரித்த புத்தகக் கடைகள் எதிலும் கிடைக்காததால், இந்த ஜப்பானியக் காமிக்ஸின் ஆங்கிலப் பதிப்பின் இரண்டு பாகங்களையும் இணையத்தில் வரவழைத்தேன். முதல் பாகம் முனை நசுங்கி வந்து சேர்ந்தது. இருந்தாலும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை; அன்றிரவே அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் அமர்ந்து படித்து முடித்தேன்.

1964இல் பிறந்த தகாமே, தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கென ஜப்பானில் வெளிவந்த இதழ்களில், வயது வந்தோர் மட்டுமே படிக்கத்தக்க கடுமையான காமக் கதைகளைப் பல ஆண்டுகள் வரைந்தவர். 1995இல் தொடங்கிய 'ஜி-மென்' இதழை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். தனக்கு முன் இதே துறையில் வரைந்தவர்களின் ஓவியங்களைத் தேடித் திரட்டி, 2003 முதல் தொகுப்பு நூல்களாகவும் வெளியிட்டார். தன் தொழிலின் முன்னோர்களை மறக்காத இந்தப் பண்புக்காகவே அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அத்தகைய ஓவியர் 2014இல் 'மன்த்லி ஆக்‌ஷன்' என்ற பொதுவாசகர் இதழில் இந்தக் குடும்பக் கதையைத் தொடங்கி 2017 வரை நடத்தினார். அதன் ஆங்கிலப் பதிப்புக்கு 2018இல், காமிக்ஸுக்கென அமெரிக்காவில் வழங்கப்படும் ஐஸ்னர் விருது கிடைத்தது.

மகள் கானாவைத் தனியாக வளர்க்கும் யாயிச்சியின் வீட்டுக்குக் கனடாவிலிருந்து மைக் என்பவர் வருகிறார். அவர், யாயிச்சியின் இறந்துபோன இரட்டைச் சகோதரன் ரியோஜியின் கணவர். ஆணும் ஆணும் திருமணம் செய்துகொள்ள முடியுமா என்று குழந்தை வியந்து கேட்க, அப்பா பதில் தெரியாமல் விழிக்கிறார். யாயிச்சி மனத்துக்குள் எரிந்து விழுவதை ஒரு படக் கட்டத்திலும், வெளியே அடக்கமாகப் பேசுவதை அடுத்த கட்டத்திலும் தகாமே வரைகிறார். விருந்தாளியின் முன்னால் முகத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளிலும் உள்ளதால், அந்தக் கட்டங்களைக் கடப்பது எனக்குக் கடினமாகவே இருந்தது.

பல ஆண்டுகளாகத் தன் துணைவருடன் பெங்களூரில் வாழும் என் தம்பி, ஆடிப் பண்டிகைக்கு அவரையும் அழைத்து வருவான். கோட்டை மாரியம்மன் கோயிலில் எதிர்ப்படும் உறவினர்களிடம் அம்மா ஒவ்வோர் ஆண்டும் அவரை "இவனோட கூட வேலை பார்க்கிற பையன்" என்றே அறிமுகப்படுத்துவார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் இந்தப் புத்தகத்தைப் படம் படமாகப் புரட்டினார். குடித்துவிட்டு வரும் மைக், இறந்தவனின் முகத்தையே கொண்ட யாயிச்சியைக் கட்டிக்கொண்டு அழும் பக்கத்தில் நிறுத்தி, "இவ்வளவு பெரிய ஆளு, ஏன்டா இப்படி அழறான்?" என்று கேட்டார். சொன்னேன். பதில் பேசாமல் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் அப்படி நிற்பதற்கு, ஆண் உடலை ஆண்டுக்கணக்கில் வரைந்து பழகிய கைதான் காரணம் என்பது என் கருத்து. மைக்கின் அகன்ற தோள், தாடி, கானா ஆசையாகத் தொட்டுப் பார்க்கும் மார்பு முடி ஆகிய எதையும், குடும்பக் கதையாயிற்றே என்று தகாமே மழுப்பவில்லை. காமத்துக்காகத் தீட்டிய அதே உடலுக்கு இங்கே துக்கத்தைச் சுமக்கவும் முடிகிறது. பழைய படைப்புகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் பாராட்டுவோரை என்னால் ஏற்க முடியவில்லை.

குறையும் உண்டு. அத்தியாயங்களுக்கிடையே வரும், வானவில் கொடி, இளஞ்சிவப்பு முக்கோணம் முதலிய தன்பாலீர்ப்பாளர்களின் அடையாளங்களை விளக்கும் பக்கங்கள் பாடப்புத்தகம் போல இருக்கின்றன. மைக் கோபப்படவே தெரியாதவராக இருப்பதும் எனக்கு உறுத்தியது. அவருக்கும் ஒரு சினம் இருந்திருக்க வேண்டும்.

இரும்புக்கை மாயாவி காலத்திலிருந்து காமிக்ஸ் படிப்பவர்கள், இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளவும். பத்துப் பக்கங்களில் கண் பழகிவிடும். இரண்டு பாகங்களையும் சேர்த்தே வாங்குங்கள். என் பிரதிகள் இப்போது தம்பியின் துணைவரிடம் இருக்கின்றன.