சேதத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள், மூன்று மாத வாடகை போனதுதான் மிச்சம்

என் வாடகை வீட்டைப் பார்த்துக்கொண்ட சேவையின் கடைசிப் பதில் இன்று மதியம்தான் வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

ஆள் பிடிப்பது, வாடகை வசூலிப்பது, அட்வான்ஸை வைத்திருப்பது, காலி செய்யும்போது சோதிப்பது என்று எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஓர் இணையச் சேவையிடம் வீட்டைக் கொடுத்திருந்தேன். குடியிருப்பவர் எதையாவது உடைத்தால் அட்வான்ஸில் பிடித்துச் சரிசெய்து தருவோம் என்பது அவர்கள் வாக்கு. குடிவைத்த அன்று ஒரு பையன் வந்து அறை அறையாகப் போனில் படம் எடுத்தான். நானும் எடுத்து வைக்கலாம் என்று போனை வெளியே எடுத்தேன். "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம், எல்லாம் ஆப்ல ஏறிடும், எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம்" என்றான். பேச்சு அவ்வளவு பணிவாக இருந்தது. போனைப் பையில் போட்டுவிட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் மூன்று மாத வாடகை.

காலி செய்த பிறகு போய்ப் பார்த்தால் வாஷ்பேசினில் நீளமாக ஒரு விரிசல். படுக்கையறைக் கதவில் ஓட்டை. சமையலறை சிங்குக்குக் கீழே குழாய் ஒழுகியதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில் அலமாரி முழுக்க ஊறிப்போயிருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழையபடி ஆகாது, மாற்றித்தான் ஆக வேண்டும். சுவர்ப் பெயின்ட் மங்கியதற்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. குடியிருந்தால் அது மங்கத்தான் செய்யும், அது என் செலவு. உடைத்ததற்கும் ஊறவிட்டதற்கும் மட்டும் கேட்டேன். அதுவே மூன்று மாத வாடகை.

போன் செய்தால் "புகாரைப் பதிஞ்சு டிக்கெட் போட்டிருக்கோம், 48 மணி நேரத்தில் கூப்பிடுவாங்க". யாரும் கூப்பிடவில்லை. அடுத்த முறை வேறொருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அப்புறம் "இயல்பான தேய்மானம்" என்று ஒரு மின்னஞ்சல். பேசின் தேய்ந்தா விரிசல் விடும்? குடிவைத்த அன்று எடுத்த படங்களைக் கேட்டேன். ஆறு வந்தன. ஐந்து ஹால், ஒன்று பால்கனி. சமையலறையும் குளியலறையும் ஒன்றில்கூட இல்லை. முன்பு நன்றாக இருந்ததற்கு ஆதாரம் இல்லையாம். என்னைப் படம் எடுக்க வேண்டாம் என்றது அவர்கள் ஆள்தானே! அதைவிட வயிற்றெரிச்சல், சாவியை வாங்கிய அன்றே, வீட்டைத் திறந்து பார்க்காமலே, அட்வான்ஸ் முழுவதையும் குடியிருந்தவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். படங்களை நீங்களே எடுங்கள், சிங்குக்குக் கீழேயும் கதவுக்குப் பின்னாலும்கூட. பட்டியல் எழுதிக் குடிவருபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். காலி செய்யும்போது அவரையும் கூட வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து முடிக்கும்வரை அட்வான்ஸை விட வேண்டாம். பழுது பார்க்கும் முன் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். உடைந்த பொருளை உடனே தூக்கிப் போடாதீர்கள், நான் போட்டுவிட்டேன், அதையும் கேட்டார்கள்.