ரப்பர் ஸ்டோர்: இடிப்பதா, சந்தையா, அருங்காட்சியகமா?

பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, மலேசியாவின் பேராக்கில் எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்கு, அதாவது ரப்பர் பாலைத் தகடாக்கும் ஆலைக்கு, வேலை இல்லாமல் போனது. அதை என்ன செய்வது என்று ஊரில் மூன்று பேச்சு ஓடுகிறது.

இடித்து வீடு கட்டலாம் என்பதை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட முடியாது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு வந்தவர்களுக்கு வீடு வேண்டும்தான். கட்டப்போகும் வீடு அவர்கள் கைக்கு எட்டுமா என்பதற்குத்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

கலைச்சந்தை கேட்பவர்கள் காட்டுவது பினாங்கு ஹின் பஸ் டிப்போவை. 1947இல் கட்டிய பஸ் பணிமனை; பாழடைந்து கிடந்ததை 2014இல் ஓவியக் கண்காட்சி வைத்துத் திறந்தார்கள். இப்போது ஞாயிறு சந்தைக்கு நல்ல கூட்டம். சரி, ஆனால் அது ஜார்ஜ்டவுனுக்குள் இருக்கிறது. சுற்றுலாப் பயணி நடந்தே போய்விடுவார். செந்தூல் ரயில் பட்டறையில் 2005இல் நாடக அரங்கம் வந்ததும் கோலாலம்பூரை நம்பித்தான். எங்கள் ஊரில் லாத்தே குடிக்க யார் வரப்போகிறார்கள்?

அருங்காட்சியகத்துக்கு உதாரணம் தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல், அதாவது ஈயம் தோண்டிய மிதக்கும் இயந்திரம். 1938இல் கட்டி 1982 வரை ஓடியது. அங்கே இயந்திரமே காட்சிப்பொருள். ஸ்டோரிலும் அப்படித்தான்: பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளைகளில் நசுக்கி, கடைசி உருளையில் வரி பதித்து, புகையில் காயப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். அந்த உருளைகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால், சுவரில் நாலு புகைப்படம்தான் மிஞ்சும்.

என் ஓட்டு சந்தையையும் அருங்காட்சியகத்தையும் கலப்பதற்கு. கட்டடத்தைப் பார்த்தாலே வழி தெரியும். உருளைக் கொட்டகை உயரக் கூரையோடு பக்கமெல்லாம் திறந்து கிடக்கிறது. காற்றோட்டத்துக்குச் செலவே இல்லை. காலையில் காய்கறிச் சந்தை, மற்ற நேரம் கல்யாணம், காதுகுத்து. மண்டபத்துக்குப் பக்கத்து ஊருக்கு அலைகிறோமே! புகைக்கூடம் வேறு மாதிரி. ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் கரி, தொட்டால் விரலில் ஒட்டும். அதை ஹோட்டல் அறையாக்கச் சுவரை உடைத்தால் புகைக்கூடமே போயிற்று. வெள்ளையடிக்காமல் அப்படியே காட்சிக்கு விடலாம். மரச்சட்டங்கள் எண்ணெய்ப்பசை ஏறியவை, தீயணைப்புத் துறை சும்மா விடாது. அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும்.

மண்டப வாடகையில் புகைக்கூடத்தைப் பராமரிக்கலாம். இரண்டு கட்டடமும் நிற்கும் இடம் போக மிச்ச நிலத்தில் தாராளமாக வீடு கட்டட்டும், முன்னாள் தோட்டத் தொழிலாளர்களுக்கான விலையை முதலில் எழுத்தில் கொடுத்துவிட்டு.