லெ மோர்ன் மலையும் சாமரெலும்: மொரீஷியஸில் வழிகாட்டியுடன் ஒரு நாள்

மொரீஷியஸ் தீவின் தென்மேற்கு முனையில் கடலோரமாகச் செங்குத்தாக எழுந்து நிற்கும் லெ மோர்ன் மலையின் உயரம் 556 மீட்டர்தான் என்றாலும், அதை எளிய ஏற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. காலையில் இந்த மலையேற்றம், பிற்பகலில் வண்ண மண் மேடுகள் உள்ள சாமரெல், காட்டுப் பூங்காவான பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு, இந்துக்களின் புனித ஏரியான கங்கா தலாவ் என்று ஒரே நாளில் அழைத்துச் செல்லும் உள்ளூர்ச் சேவை ஒன்றில் குடும்பத்துடன் சென்று வந்தோம். மலையேற்றத்துக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் தருவேன். பிற்பகல் பயணத் திட்டத்தை மட்டும் அவர்கள் மாற்றியமைக்க வேண்டும்.

விடியுமுன்பே விடுதி வாசலுக்கு வண்டி வந்துவிட்டது. பாதையின் மேற்பகுதியில் நிழலே கிடையாது என்பதால் இந்த நேர ஒழுங்கு மிக முக்கியம். முதல் பாதி மரங்களுக்கிடையே செல்லும் அகலமான மண்பாதை. நடந்து பழகிய சிறுவர்களும் ஏறிவிடலாம். அதன் முடிவிலேயே காயலின் இளநீலமும் பவளத்திட்டில் உடையும் வெள்ளை அலைகளும் முழுதாகத் தெரிகின்றன. அதற்கு மேல் கைகளையும் ஊன்றி ஏறவேண்டிய எரிமலைக் கரும்பாறை. வழிகாட்டியின் தேர்ச்சி அங்கேதான் விளங்கியது. எந்தப் பிடியில் கை, எந்த விளிம்பில் கால் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லி, முன்னவர் ஏறி முடித்த பின்னரே அடுத்தவரை அனுமதித்தார். தொடர விரும்பாதவர்களை வற்புறுத்தாமல், துணைக்கு உதவியாளர் ஒருவரையும் அவர்களுடன் இருக்கச் செய்தார். பாதை சிலுவை ஒன்று நடப்பட்டிருக்கும் முகட்டில் முடிகிறது. மலையின் உச்சியை அது எட்டுவதில்லை என்பதை அவர் முன்கூட்டியே தெளிவுபடுத்தியதும் நல்லது.

இம்மலையில் வழிகாட்டி இல்லாமலும் ஏறலாம். ஆனால் இந்த மலையின் வரலாற்றை அங்கேயே நின்று கேட்பதற்காகவே கட்டணம் கொடுக்கலாம் என்பேன். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இதன் குகைகளிலும் முகடுகளிலும் ஒளிந்து வாழ்ந்தனர். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை ஒழிக்கப்பட்ட செய்தியைச் சொல்ல வந்த படையினரைக் கண்டு, தம்மைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்றஞ்சிப் பலர் பாறையிலிருந்து குதித்தனர் என்பது மக்களிடையே வழங்கிவரும் செய்தி. அதை ஆவணச் சான்றுள்ள வரலாற்றோடு கலக்காமல், வாய்மொழி மரபு என்று பிரித்தே சொன்ன வழிகாட்டியின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. யுனெஸ்கோ 2008இல் இம்மலையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகிய இடங்களிலிருந்து மட்டுமன்றி இந்தியாவிலிருந்தும் அடிமைகள் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர் என்பது, 1834க்குப் பிறகு வந்த ஒப்பந்தத் தொழிலாளரை மட்டுமே அறிந்திருக்கும் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

சேவையின் விளம்பரத்தில் இடம்பெற்ற 'கடலடி அருவி' படத்தைக் கண்டு யாரும் ஏமாற வேண்டாம். இம்மலையையொட்டிய கடலில் மணலும் வண்டலும் கடல்தளத்தின் விளிம்பில் சரிந்து ஏற்படுத்தும் அந்தத் தோற்றம், வானிலிருந்து பார்த்தால்தான் முழுமையாகப் புலப்படும். அந்தப் படத்தை அவர்கள் நீக்கிவிடுவதே முறை.

மதியம் சாமரெலில் சோறு, பருப்பு, தக்காளியில் செய்யும் ருகாய், ஊறுகாய் என எளிமையான, சுவையான உணவு. ஏழு வண்ண மண்ணையும் ஏறத்தாழ 100 மீட்டர் உயர அருவியையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது. எரிமலைப் பாறை சிதைந்து களிமண்ணாகி, அதிலுள்ள இரும்பு, அலுமினியச் சேர்மங்களால் வண்ணம் பெற்ற மேடுகள் அவை. பரப்பு சிறியதுதான், பெரிய பாலைவனத்தை எதிர்பார்த்துச் செல்ல வேண்டாம்.

அதன்பின் எல்லாமே அவசரம். 1974இல் காட்டில் நான்கே நான்கு என்ற நிலைக்குச் சுருங்கிப் பின்னர் மீட்கப்பட்ட மொரீஷியஸ் வல்லூறு வாழும் பிளாக் ரிவர் தேசியப் பூங்காவில், காட்சிமுனையில் சில நிமிடங்கள் நின்று படமெடுக்கத்தான் நேரம் இருந்தது. கங்கா தலாவ் ஏரிக்கரையிலோ 33 மீட்டர் உயரச் சிவன் சிலையை வண்டியிலிருந்தபடியே கும்பிட வேண்டியதாயிற்று. வழிபட வந்தவர்களுக்கு இது பெரும் குறை. கங்கா தலாவை வேறொரு நாளுக்கு ஒதுக்கி, அந்த நேரத்தைப் பூங்காவின் நடைபாதைக்குத் தருமாறு நிறுவனத்தாரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். முன்பதிவு செய்வோரும் இதைக் கேட்டுப் பெறலாம். பிடிமானமுள்ள காலணி அவசியம். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும் என்பதால், தேதியை மாற்றித் தருவார்களா என்பதையும் பணம் கட்டுமுன் உறுதி செய்துகொள்ளுங்கள்.