ஹெட்லேம்ப்: சார்ஜ் போடுவதா, பேட்டரி மாற்றுவதா?

போன சீசனில் இரண்டு ராத்திரி தங்குவதாக மான் வேட்டைக்குப் போயிருந்தோம். நான், மனைவி, மச்சான், 14 வயது மகள். உரிமம், ஆரஞ்சு மேல்சட்டை, கத்தி, கயிறு, முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் சரிபார்த்துத்தான் கிளம்பினோம். நெற்றியில் மாட்டும் விளக்குக்கு ‘ஹெட்லேம்ப் 3’ என்றும் பட்டியலில் எழுதியிருந்தது, மூன்றும் பையில் இருந்தன. எரிகிறதா என்று மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம், சுடுவதற்கு அனுமதி உள்ள நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது மச்சான் ஒரு பெண் மானைச் சுட்டார். நெஞ்சில் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் மான் புதருக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும். நெஞ்சில் பட்டிருந்தாலே அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும், வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம். பொறுத்தோம். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

என் ஹெட்லேம்ப் பைக்குள்ளேயே சுவிட்ச் அமுங்கி, எரிந்து தீர்ந்து கிடந்தது. மச்சானுடையது எரிந்தது, ஆனால் 40 நிமிடத்தில் மங்கிப்போனது. கடைசியாக எப்போது சார்ஜ் போட்டார் என்று அவருக்கே நினைவில்லை. இரண்டுமே யுஎஸ்பி சார்ஜ் விளக்குகள். பவர் பேங்க் 2 கிலோமீட்டர் தள்ளிக் காரில் இருந்தது. மிச்சமிருந்தது மகளின் சின்ன விளக்கு, டிரிபிள் ஏ பேட்டரி மூன்று போடுவது. அதை வைத்துத்தான் தேடினோம்.

ரத்தத் தடம் பிடித்தவர்களுக்கு அந்த நேரத்தில் வெளிச்சம் என்றால் என்னவென்று தெரியும். காய்ந்த இலைகளில் பாதி எப்படியும் சிவப்பும் பழுப்புமாகத்தான் இருக்கும். விளக்கை நெற்றியிலிருந்து கழற்றி, முழங்கால் உயரத்தில் சாய்வாகப் பிடித்தால், ரத்தத் துளி மட்டும் ஈரமாக மினுங்கும். நுரையீரலில் பட்டிருந்தால் துளிக்குள் பொடிப்பொடியாக நுரை தெரியும். அந்த நுரையை முதலில் கண்டது மகள்தான். “அப்பா, இங்க பாருங்க” என்று அவள் கூப்பிட்ட இடத்திலிருந்து அடுத்த துளி, அதற்கடுத்தது என்று போய், சுமார் 120 மீட்டரில் மானைக் கண்டுபிடித்தோம். அந்த விளக்கும் இல்லாவிட்டால் விடியும்வரை காத்திருக்க நேர்ந்திருக்கும். உயிரை எடுத்துவிட்டு உடலைக் காட்டில் விட்டு வருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அதனால்தான் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஹெட்லேம்ப் விஷயத்தில் ஒரு முடிவு எடுத்தேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் விளக்கு பொதுவாக அதிக வெளிச்சம் தரும், அடிக்கடி பயன்படுத்துபவருக்குச் செலவு குறைவு, தூக்கிப் போடும் பேட்டரிக் குப்பையும் சேராது. பேட்டரி மாற்றும் விளக்கில் தீர்ந்தால் ஒரே நிமிடத்தில் புதியது போட்டுக்கொள்ளலாம். சிவப்பு ஒளி இரண்டு வகையிலும் கிடைக்கிறது. விடியுமுன் நடந்து போக அது நல்லது. சிவப்பு ஒளியை மான் கண் அவ்வளவாக உணராது, நம் கண்ணும் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும். ஆனால் ரத்தத் தடத்துக்குச் சிவப்பு ஒளி உதவாது, துளியே கண்ணில் படாது.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லூமென் (வெளிச்ச அளவு) கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறைப்படி, விளக்கைப் போட்ட 30 நொடியில் இருந்த வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும்வரை உள்ள நேரம் முழுவதும் ‘எரியும் நேரம்’தான். 400 லூமென், 50 மணி நேரம் என்று இருந்தால், அந்த 50 மணி நேரமும் 400 லூமென் வரும் என்று அர்த்தமில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. வருடத்தில் இரண்டு நாள் எரியும் விளக்கு, மீதி 363 நாளும் எப்படிக் கிடக்கிறது?

சார்ஜ் விளக்குக்குள் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. அதை நீண்ட நாள் சும்மா வைப்பதானால் பாதி சார்ஜில், சூடு இல்லாத இடத்தில் வைக்கச் சொல்வார்கள். முழு சார்ஜில் மாதக்கணக்காகக் கிடந்தால், பயன்படுத்தாமலே அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். சூடான இடத்தில் கிடந்தால் இன்னும் வேகமாக. பாதியில் வைத்தால் பேட்டரிக்கு நல்லது, ஆனால் திடீரென்று எடுக்கும்போது விளக்கு தயாராக இருக்காது. முழுதாக வைத்தால் விளக்கு தயார், பேட்டரி கிழடாகும். பேட்டரியைப் பார்த்துக்கொள்வதா, தயாராக இருப்பதா என்று இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடிகிறது. தினமும் பயன்படுத்துபவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை போகும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இதுதான் முழுச் சிக்கலும். பேட்டரியை உள்ளேயே வைத்து ஒட்டிவிட்ட மாடலாக இருந்தால், அது போகும்போது நல்ல விளக்கும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

குளிரும் இருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதாவது பவர் பேங்க் கையில் இருந்தாலும் இரண்டையும் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். மான் கிடைக்காமல் இருட்டில் நிற்கும்போது அதற்கு ஏது நேரம்?

பேட்டரி மாற்றும் விளக்கிலும் எந்த பேட்டரி என்பது முக்கியம். சாதாரண ஆல்கலைன் வேண்டவே வேண்டாம். குளிரில் அதன் சக்தி வெகுவாகக் குறையும். அதைவிட மோசம், விளக்குக்குள் மறந்துவிட்டால் கசியும். வீட்டில் ஒரு பழைய டார்ச்சைத் திறந்தபோது ஸ்பிரிங் முழுவதும் வெள்ளையாகப் பூத்து, நகத்தால் சுரண்டினால் ஸ்பிரிங்கே ஒடிந்து வந்தது. நான் வாங்கியது சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் டிரிபிள் ஏ. விலை அதிகம்தான். ஆனால் எடை குறைவு, மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், அலமாரியில் பல வருடம் கிடந்தாலும் சக்தி பெரிதாகக் குறையாது. மைனஸ் 6-க்குக் கீழே நான் நின்றதில்லை, அதுவரை எந்தக் குறையும் தெரியவில்லை.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. லித்தியம் பேட்டரி கடைசிவரை ஒரே சீராக எரிந்துவிட்டுத் திடீரென்று படுத்துவிடும். ஆல்கலைன் மாதிரி மங்கி மங்கி எச்சரிக்காது. அதனால் ஆளுக்கு ஒரு மாற்று செட் சட்டைப்பையில் இருந்தே ஆக வேண்டும். வாங்குமுன் விளக்கின் கையேட்டையும் பாருங்கள். புது லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் சற்று அதிகம் என்பதால் சில மாடல்களில் போடக் கூடாது என்றே எழுதியிருக்கும்.

இப்போது மச்சானுடையதைத் தவிர எங்கள் மூன்று விளக்கும் ஒரே மாடல், ஒரே அளவு பேட்டரி. ஒருவருடையது தீர்ந்தால் அடுத்தவரிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். குடும்பமாகப் போகும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போனால்தான் தெரியும். வீட்டில் கிடக்கும்போது பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி வைக்கிறேன். சுவிட்ச் தானாக அமுங்கினாலும் எரியாது. கிளம்புவதற்கு முந்தின இரவு துண்டை உருவிவிட்டு, விளக்கை அணைத்த அறையில் நான்கையும் 10 நிமிடம் எரியவிட்டுப் பார்க்கிறோம். கையுறையோடு மூடியைத் திறந்து பேட்டரி மாற்றவும் மகளுக்குப் பழக்கிவிட்டேன். முதல் தடவை ஒரு பேட்டரி கீழே விழுந்து உருண்டது. காட்டில் விழுந்திருந்தால் இலைக்குள் தேடியிருக்க வேண்டும். அதனால் இப்போது தொப்பியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அதற்குள் மாற்றுகிறாள்.

மச்சான் சார்ஜ் விளக்கை விடவில்லை. அவர் தினமும் விடியுமுன் ஓடப் போகிறவர், வாரம் இரண்டு முறை சார்ஜ் போடுகிறார். அவருடைய பழையது கெட்டதும் கழற்றி மாட்டும் 18650 (உருளை வடிவ லித்தியம் அயான்) பேட்டரி உள்ள மாடலாக வாங்கிக்கொண்டார். நிரம்பிய பேட்டரி ஒன்றைச் சட்டைக்குள் சூடாக வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், நான் சொன்ன குறைகளில் பாதி அதில் இல்லை. ஒரே ஒரு இரவு இரவல் வாங்கிப் பார்த்தேன். வெளிச்சம் அபாரம், மானின் குடலை எடுக்கும்போது இரண்டு கையும் கத்தியும் நிழல் விழாமல் தெரிந்தன. நெற்றியில் கனம் கொஞ்சம் உறுத்தியது. ஒரு சீசன் முழுக்கப் பயன்படுத்தாமல் அதற்குமேல் சொல்வது சரியாக இருக்காது.

சார்ஜ் பேட்டரி, டிரிபிள் ஏ இரண்டையும் ஏற்கும் கலப்பு மாடல்களும் கிடைக்கின்றன. ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். சார்ஜ் பேட்டரியை வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொண்டு, காட்டுக்குப் போகும்போது லித்தியம் டிரிபிள் ஏ போட்டுக்கொண்டால் போதும்.

எங்கள் பட்டியலில் இப்போது ‘ஹெட்லேம்ப் 4’ என்ற வரிக்குப் பக்கத்தில் மகள் இன்னும் இரண்டு கட்டம் போட்டிருக்கிறாள்: ‘எரிந்தது’, ‘மாற்று செட் சட்டைப்பையில்’. இரண்டிலும் டிக் விழுந்த பிறகுதான் பையின் ஜிப்பை மூட விடுகிறாள்.