பழங்கட்டடப் பாதுகாப்புப் படிப்பு: ஆய்வகமா, ஆவணமா, பட்டறையா?

அமெரிக்காவில் பழங்கட்டடப் பாதுகாப்பு என்ற ஒரே பெயரில் வழங்கப்படும் படிப்பு, ஓரிடத்தில் கட்டடக்கலைப் பள்ளிக்குள்ளும், இன்னோரிடத்தில் வரலாற்றுத் துறைக்குள்ளும், வேறோரிடத்தில் தச்சுப் பட்டறைக்குள்ளும் நடக்கிறது. படிப்பு எந்தத் துறையின் கீழ் நடக்கிறது என்பதைப் பொறுத்தே, முடித்தவர் பிற்பாடு செய்யப்போகும் வேலையும் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. ஆகவே கல்லூரியின் புகழைக் காட்டிலும் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த நாட்டில் இத்துறைக்கான முதல் முதுகலைப் படிப்பை 1964-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மார்ஸ்டன் ஃபிட்ச் தொடங்கினார். நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியதற்கு மறு ஆண்டு அது. அந்த இடிப்பு கிளப்பிய எதிர்ப்பின் வேகத்தில், அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்நகரின் அடையாளச் சின்னங்கள் சட்டமும் (1965), தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமும் (1966) வந்தன. கொலம்பியாவின் படிப்பு இன்றும் கட்டடக்கலையையும் நகரத் திட்டமிடலையும் கற்பிக்கும் பள்ளிக்குள் இருப்பதால், ஒரு கட்டடத்தை எதற்காகக் காக்கிறோம், யாருக்காகக் காக்கிறோம், பழையதோடு புதியதை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விகளுக்கு அங்கே இயல்பாகவே இடம் கிடைக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் படிப்பும் வடிவமைப்புப் பள்ளிக்குள்தான் இருக்கிறது என்றாலும், அதன் பெயரை நிலைநாட்டியது கட்டடப் பொருள்களை ஆராயும் ஆய்வகமே.

ஆய்வகப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்குச் செங்கல் சுவரின் சாந்து ஒன்றே போதுமான விடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செங்கற்களை இணைத்தது சுண்ணாம்புச் சாந்து. அது செங்கல்லைவிட மென்மையானது; சுவருக்குள் இறங்கிய ஈரம் அந்த இணைப்புகளின் வழியே வெளியேறிவிடும். இணைப்புகள் தேய்ந்துபோனதைப் பார்த்து, நல்லெண்ணத்தோடு கெட்டியான சிமெண்டை அடைத்தால், ஈரம் வெளியேறும் வழி அடைபட்டு, செங்கல்லின் ஊடாகவே வரத் தொடங்கும். உப்புப் படிவதும் உறைபனியும் சேர்ந்து செங்கல்லின் முகம் ஏடு ஏடாக உதிரும். சாந்து மட்டும் வலைப்பின்னலைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். இதைத் தவிர்க்கப் பழைய சாந்தில் ஒரு துண்டை எடுத்து, அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, மிஞ்சும் மணலின் நிறத்தையும் பருமனையும் சலித்துப் பார்த்து, அதற்கு ஒத்துப்போகும் கலவையை வகுக்க வேண்டும். இந்த வேலையில் மனம் லயிப்பவர், வேதியியலைக் கண்டு அஞ்சாதவர், பென்சில்வேனியாவைப் போல ஆய்வகம் வலுவாக உள்ள இடத்தையே நாட வேண்டும். வடிவமைப்பிலும் விவாதத்திலும் நாட்டமுள்ளவருக்குக் கொலம்பியா பொருத்தம்.

வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்பு வரலாற்றுத் துறையில் வளர்ந்தது. பத்திரங்களையும் பழைய நிலப்படங்களையும் தேடிப் படித்து, ஒரு வீடு எப்போது கட்டப்பட்டது, எந்தப் பகுதி பின்னால் சேர்க்கப்பட்டது என்பதை நிறுவி எழுதும் திறன் இவ்வகைப் படிப்பில்தான் கூர்மையடைகிறது. இது வெறும் ஏட்டுப் படிப்பு என்று ஒதுக்குவது சரியன்று. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவுப்படி, கூட்டாட்சி அரசின் பணமோ அனுமதியோ சேரும் எந்தத் திட்டமும் வரலாற்றுச் சின்னங்களைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே ஆராயப்பட வேண்டும். நெடுஞ்சாலைக்கும் பாலத்துக்கும் அலைபேசிக் கோபுரத்துக்கும்கூட இந்த ஆய்வு தேவைப்படுவதால், தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு ஆலோசனை நிறுவனங்களிலும் மாநில அலுவலகங்களிலும் தொடர்ந்து வேலை இருக்கிறது.

இளங்கலையா முதுகலையா என்ற கேள்விக்கு அரசின் தகுதி வரையறைகளே பாதி விடை தருகின்றன. கட்டடக்கலை வரலாற்றாளராக ஏற்கப்பட, உரிய முதுகலைப் பட்டம் ஒரு வழி; இளங்கலைப் பட்டத்தோடு குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேர அனுபவம் மற்றொரு வழி. வர்ஜீனியாவின் ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் உள்ள மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் இத்துறையில் இளங்கலைப் பட்டமே தருகிறது. பதினெட்டு வயதிலேயே இதுதான் தன் துறை என்று தெரிந்தவர், அங்கே படித்து உடனே வேலைக்குச் சென்றுவிட்டால், முதுகலைக்கான கடனைத் தவிர்க்கலாம்; பலருக்கு இதுவே மேலான வழி என்று நினைக்கிறேன். ஆனால் வரலாற்றுக் கட்டடக் கலைஞர் என்ற தகுதிக்குக் கட்டடக்கலையில் தொழில்முறைப் பட்டமோ மாநில உரிமமோ இருந்தே ஆக வேண்டும். பாதுகாப்பில் மட்டும் முதுகலை பெற்றவருக்கு அது கிட்டாது. சேர்ந்தபின் இதை அறிந்து வருந்துவதைக் காட்டிலும் விண்ணப்பிக்கும்போதே அறிந்துகொள்வது நல்லது.

ஆய்வகத்துக்கும் ஆவணத்துக்கும் அடுத்த மூன்றாவது வழி கைத்தொழில். 1989-இல் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரைச் சிதைத்தபோது, பழைய வீடுகளைச் செப்பனிடத் தெரிந்த கைவினைஞர்கள் போதிய அளவில் இல்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் அங்குள்ள அமெரிக்கக் கட்டடக் கலைகள் கல்லூரி. கற்செதுக்கு, சாந்துப்பூச்சு, மரச்சட்ட வேலை, கொல்லுவேலை ஆகியவற்றைப் பொதுப் பாடங்களோடு சேர்த்து நான்காண்டுப் பட்டமாகவே அது கற்பிக்கிறது. ஒஹாயோவின் பெல்மாண்ட் கல்லூரி இதைவிடக் குறுகிய காலப் படிப்பைத் தருகிறது. இவற்றை முதுகலைக்குக் கீழான தேர்வாகப் பார்க்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. எவ்வளவு நுட்பமான ஆய்வறிக்கை எழுதினாலும், அதன்படி இணைப்பைச் சுரண்டி, செங்கல்லின் விளிம்பு உடையாமல் சாந்தை அழுத்தி அடைக்கும் கை இல்லாவிட்டால் சுவர் பிழைக்காது. அரசு அலுவலகப் பதவியை நாடுபவருக்கு மட்டும் இவ்வழி சுற்றுவழியாக இருக்கும்.

இறுதிப் பட்டியலில் இரண்டு மூன்று கல்லூரிகள் எஞ்சும்போது, ஒவ்வொன்றிலும் அண்மையில் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் தலைப்புகளை வாங்கிப் படிக்க வேண்டும். பாடத்திட்டக் கையேடு எல்லாவற்றையும் கற்பிப்பதாகவே சொல்லும். ஆசிரியர்களின் உண்மையான ஈடுபாடு ஆய்வேடுகளில் தெரிந்துவிடும். பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். இதற்கு நேரான பதில் தராத கல்லூரியை, எத்தனை பெரிய பெயராக இருந்தாலும், நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன்.