இலை முந்திப் பழுப்பதா, கதிர் பெருப்பதா?

மார்கழிக் கடைசியில் இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலில் பெரியப்பா ஒரு கதிரை வளைத்து, நெல்லொன்றை நகத்தால் நசுக்குவார். வெள்ளையாகப் பால் கசியும். அடுத்ததாகக் கதிருக்கு நேர்கீழே நிற்கும் கடைசி இலையைப் பார்ப்பார். "இலை பச்சையாய் நிற்கட்டும், அப்போதுதான் மணி நிறையும்" என்பார். கோதுமை மணியின் வளர்ச்சியை ஆளும் படியெடுத்தல் காரணிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இலைதான் நினைவில் வரும். மற்றப் பரம்பரையலகுகளை (மரபணுக்களை) எப்போது இயக்குவது, எப்போது அடக்குவது என்று தீர்மானிக்கும் புரதங்கள் இவை. இவற்றில் இரண்டு குடும்பங்கள் வெவ்வேறு வழிகளில் மணியை வளப்படுத்துகின்றன.

முதலாவது, என்.ஏ.சி. குடும்பம். இதைச் சேர்ந்த என்.ஏ.எம்-பி1 என்னும் பரம்பரையலகு, பயிர்க்கோதுமையின் மூதாதையான காட்டு எம்மர் கோதுமையில் முழுமையாக இருக்கிறது. இன்று பயிராகும் கோதுமைகளில் பெரும்பாலும் பழுதாகியோ தொலைந்தோ போய்விட்டது. 2006-இல் வெளியான ஆய்வு இதன் வேலையைக் காட்டியது: இலையை முந்திப் பழுக்கவைத்து, அதிலுள்ள புரதத்தையும் இரும்பையும் நாகத்தையும் (துத்தநாகத்தையும்) மணிக்கு அனுப்புகிறது. இந்தக் குடும்பத்தின் என்.ஏ.எம். பரம்பரையலகுகளை ஒடுக்கியபோது இலை மூன்று வாரங்களுக்கு மேல் தாமதித்தே பழுத்தது. மணியில் அந்த மூன்று சத்துகளும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. ஆனால் இலை முந்திப் பழுத்தால் மாப்பொருள் சேரும் நாட்கள் குறையும். வெப்பம் கூடிய இடத்தில் மணி சிறுக்கக்கூடும். பெரியப்பாவின் பயமும் அதுதான்.

இரண்டாவது, எஸ்.பி.எல். குடும்பம். இது கதிரின் கட்டமைப்பையே மாற்றுகிறது. இக்குடும்பப் புரதங்களை ஆக்கச் சொல்லும் ஆர்.என்.ஏ. செய்தியை எம்.ஐ.ஆர்.156 என்னும் சிறு ஆர்.என்.ஏ. வெட்டி அடக்கிவைக்கும். நெல்லில் இக்குடும்பத்தின் எஸ்.பி.எல்.14 என்னும் பரம்பரையலகில் டி.என்.ஏ. எழுத்து ஒன்று மாறினாலே அந்த வெட்டு தப்பிவிடுகிறது என்று 2010-இல் கண்டார்கள். பக்கத்தண்டுகள் குறைந்து, தண்டு தடித்து, கதிருக்கு மணிகள் கூடின. பாஸ்மதி மெலிந்து நீண்டிருப்பதற்கு அதே குடும்பத்து எஸ்.பி.எல்.16 குறைவாக இயங்குவது ஒரு காரணம்.

மாட்ஸ் என்னும் இன்னொரு காரணிக் குடும்பத்துக்கும் பங்குண்டு. போலந்துக் கோதுமையின் நீண்ட மணி அதனால் வந்ததே. ஆனால் எமக்குத் தேவை மணியின் நீளம் அல்ல.

வன்னியில் கோதுமை விளைவதில்லை. நாம் உண்ணும் பாண் கப்பலில் வந்த தானியம். ஆகவே நெல்லுக்கு எது உதவும் என்பதுதான் என் கேள்வி. அங்கே என்.ஏ.எம். கைகொடுக்கவில்லை. அதற்கு நெருங்கிய நெற் பரம்பரையலகை ஒடுக்கியபோது இலை பழுப்பதில் மாற்றமில்லை. மகரந்தக்கூடு வெடிக்காமல் பயிர் மலடானது. ஒரே குடும்பம், வேறு தொழில்.

நான் எஸ்.பி.எல். பக்கமே நிற்கிறேன். காலபோகத்தில், அதாவது மாரிமழைப் போகத்தில், நாங்கள் வீசி விதைக்கிறோம். நெருக்கமாக முளைக்கும் பயிரில் பக்கத்தண்டு குறைவது பெரிய இழப்பல்ல. உயர்ந்து வளரும் பூநகரி மொட்டைக்கறுப்பன் என்னும் பாரம்பரிய நெல், கதிர் முற்றும் வேளையில் மழைக்காற்று அடித்தால் சேற்றில் சாய்கிறது. அதன் சிவந்த அரிசியும் மணமும் கெடாமல் தண்டு மட்டும் தடிக்க வேண்டும். எஸ்.பி.எல்.14 மாறிய நெல்லோடு அதைச் சேர்க்கும் இனக்கலப்பைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும்.